ஐந்து பிள்ளைகளின் கணக்குகள்: விளையாட்டு நிறுவனத்துக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

விளையாட்டு நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்புப் பிரிவினருக்கு,

கடந்த ஜூலையில் நீங்கள் வெளியிட்ட அப்டேட்டுக்குப் பிறகு, என் கடையில் விளையாடும் ஐந்து பிள்ளைகளின் கணக்குகளை நிரந்தரமாக முடக்கினீர்கள். "அனுமதியற்ற மென்பொருளைப் பயன்படுத்தியதால்" என்று காரணம் சொன்னீர்கள். அந்தப் பிள்ளைகள் அப்படி எதையும் பயன்படுத்தவில்லை. அவர்கள் உட்கார்ந்து விளையாடிய கணினி ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு பெட்டிக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினி. அதை அமைத்தது நான். யாராவது பதில் சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்கிறேன். பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று மூன்று முறை முறையீடு அனுப்பினேன். முதல் பதில் ஒன்பதாவது நிமிடத்தில் வந்தது. இரண்டாவது பதிலிலும் அதே வாசகங்கள், ஒரு எழுத்துகூட மாறவில்லை. மூன்றாவதில், முடிவு இறுதியானது, இனி இதுபற்றிப் பதில் வராது என்று இருந்தது.

அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. விர்ச்சுவல் மெஷினில் விளையாடுபவரைச் சந்தேகப்படும் வழக்கம் உங்களிடம் மட்டும் இல்லை. படிக்கும் எந்த நிறுவனமும் இதைத் தனக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஐந்து கணக்குகள் உங்களிடம் இருக்கின்றன. முறையீட்டு எண்களும் உங்களிடம் இருக்கின்றன.

என் கடை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. 2008இல் பிரவுசிங் சென்டராகத் தொடங்கினேன். அப்போது ஆறு கணினிகள். எல்லோர் கையிலும் நெட் வைத்த செல்போன் வந்த பிறகு பிரவுசிங்குக்கு ஆள் வரவில்லை. கடை மெல்ல விண்ணப்பக் கடையாக மாறியது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. என் அப்பா அம்மாவும் அப்படி வந்தவர்கள்தான். கப்பல் ஏறிய காலத்துத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்து, அதை இன்னொரு கவரில் வைத்து, மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள் எங்கள் ஆட்கள். பேரப்பிள்ளைக்குச் சான்று வாங்க இன்றைக்கும் அந்தத் தாள் வேண்டும். அதை ஸ்கேன் செய்து, பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் படிவத்தில் ஏற்றுவது என் வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

ஆறு கணினிகளில் நான்கு இந்த மலையின் ஈரத்துக்கே போய்விட்டன. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். ரேமின் முனைகளில் கறை படியும். கழற்றி ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினால் இரண்டு வாரம் ஓடும். மதர்போர்டில் துரு ஏறிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கரண்ட் கதை வேறு. காற்றடித்தால் எங்கேயாவது மரம் கம்பியின் மேல் சாயும். அப்புறம் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போய்ப் போய் வரும் நாட்களில், ஏதாவது ஒரு கணினியில் விண்டோஸ் எழும்பாமல் கிடக்கும். ஒரு கணினிக்கு மறுபடி விண்டோஸ் போட்டு, டிரைவர் போட்டு, பிரிண்டர் போட்டு முடிக்க எனக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் கடைசித் தேதி முடிந்துபோன விண்ணப்பங்கள் உண்டு.

2022 செப்டம்பரில், எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி ஈட்டும் மைனிங் நின்றது. அதுவரை மைனிங்கில் ஓடிய கிராபிக்ஸ் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து விலை இறங்கின. அந்தச் சமயத்தில் கடன் வாங்கி, கோயம்புத்தூருக்குப் போய், ஒரே ஒரு நல்ல கணினிக்கான பாகங்களை வாங்கி வந்தேன். பன்னிரண்டு கோர் உள்ள ரைசன் 9 3900எக்ஸ், 64 ஜிபி ரேம், பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டுகள் இரண்டு, கடைத் திரைக்கு ஒரு சின்னக் கார்டு. அதில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டேன். அதன் மேல், விண்டோஸ் ஓடும் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். ஒன்று விண்ணப்ப வேலைக்கு. மற்ற இரண்டும் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு நான்கு கோர், 16 ஜிபி ரேம், தனித்தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. இதற்கு வேண்டிய கேவிஎம் என்ற மென்பொருள், 2007இலிருந்தே லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. கள்ளத்தனமாக எங்கேயோ இறக்கியது எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை.

ஈரத்திலிருந்து காப்பாற்ற வேண்டிய பெட்டி இப்போது ஒன்றுதான். யுபிஎஸ்ஸும் ஒன்று போதும். ராத்திரி கடை மூடும்போது மெஷின்களை அணைத்துவிட்டு டிஸ்க்குகளுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்துவைப்பேன். மறுநாள் விண்டோஸ் கெட்டுப்போனால், முந்தைய ராத்திரி இருந்த நிலைக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். அரை நாள் போன இடத்தில் ஐந்து நிமிடம். சமவெளியில், கரண்ட் போகாத ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு இதுதான் கடையைத் தூக்கி நிறுத்தியது.

நான் சொல்ல வந்த முக்கியமான காரணம் வேறு. உங்கள் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் கர்னலுக்குள் டிரைவராக இறங்குகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்குக் கணினியில் எட்டாதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் டிரைவர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு எழுதிய டிரைவரும் பிறர் கைக்குப் போகலாம், பிழையோடும் வரலாம். கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை கணினியை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று எடுத்து, வைரஸ் தடுப்பை அணைக்கப் பயன்படுத்தியதை 2022இல் ட்ரெண்ட் மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அந்த விளையாட்டைப் போடாத கணினியிலும் அந்த டிரைவர் வேலை செய்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அது பாதுகாப்புக்காகவே கர்னலில் வைத்த மென்பொருள்.

சரி, என் கடைக்கு வருகிறேன். ஒரு மெஷினில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அதே பெட்டியில்தான் ஒரு பாட்டியின் கப்பல் காலத்துத் தாளும், நூறு குடும்பங்களின் ஆதார் நகலும் ஸ்கேன் ஆகின்றன. விளையாட்டையும் அந்தத் தாள்களையும் ஒரே விண்டோஸில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நடுவில் சுவர் வேண்டும் என்று நினைத்தேன். விர்ச்சுவல் மெஷின்தான் அந்தச் சுவர். விளையாட்டு மெஷினின் டிஸ்க் வேறு, விண்ணப்ப மெஷினின் டிஸ்க் வேறு. அங்கிருப்பவர்களுக்கு இங்கிருப்பது தெரியாது. ஊர்க்காரர்களின் தாள்களைக் காப்பாற்ற நான் எழுப்பிய சுவரைத்தான் நீங்கள் ஏமாற்று வேலைக்கான அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் நான் எதையும் மறைக்கவில்லை. உங்கள் மென்பொருள் கேட்ட கேள்விக்கெல்லாம் என் மெஷின் உண்மையைச் சொல்லியிருக்கிறது. பிராசசரிடம் விவரம் கேட்கும் சிபியுஐடி கட்டளையைக் கொடுத்தால், அடியில் ஹைப்பர்வைசர், அதாவது விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள், இருக்கிறது என்று பதிலில் ஒரு பிட் சொல்லும். இன்னும் கேட்டால் கேவிஎம் என்று பெயரையே சொல்லும். டிஸ்க்கின் பெயர், கேவிஎம்மோடு சேர்ந்து ஓடும் க்யூஎம்யூ மென்பொருளின் பெயரிலேயே, 'க்யூஎம்யூ ஹார்ட்டிஸ்க்'. நெட்வொர்க் கார்டின் முகவரி 52:54:00 என்று தொடங்கும். அந்த எண்ணைப் பார்த்ததுமே இது எது என்று உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். இரண்டரை வருடம் இப்படித்தான் ஓடியது. இந்த மெஷினிலிருந்துதான் பிள்ளைகள் உங்கள் சீசன் பாஸை வாங்கினார்கள். கணக்கு முடங்குவதற்கு ஒன்பது நாள் முன்னால்கூட ஒரு பையன் தன் அக்காவின் போனிலிருந்து யுபிஐயில் பணம் கட்டினான். அன்றைக்கும் டிஸ்க்கின் பெயர் அதேதான்.

இதையெல்லாம் மறைக்க வழி இருப்பது எனக்குத் தெரியும். அந்த பிட்டை அணைக்கலாம். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் கடையில் விற்கும் கம்பெனிப் பெயர் கொடுக்கலாம். கட்டளைகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து கண்டுபிடிப்பதை ஏமாற்றக் கர்னலையே திருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குகள் போன வாரம், எனக்குத் தெரிந்த மூன்று பேர் இதைத்தான் செய்யச் சொன்னார்கள். ஒருவர், ஒரு மணி நேர வேலை அண்ணா, நானே வந்து செய்து தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கடைக்கு வருபவர்கள் பதினாலு, பதினாறு வயதுப் பிள்ளைகள். பொய்ப் பெயர் வைத்து உள்ளே போவது எப்படி என்று அவர்கள் கண்முன்னே செய்து காட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் உங்கள் விதி இன்று நேர்மையானவரை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. உண்மையாக ஏமாற்றுபவர் ஏற்கெனவே மறைத்துத்தான் விளையாடுகிறார். மறைக்காதவர்தான் கையில் சிக்குகிறார்.

உங்கள் பயத்தையும் நான் மறுக்கவில்லை. வெளியே இருக்கும் லினக்ஸிலிருந்து, உள்ளே ஓடும் விண்டோஸின் நினைவகத்தைப் படிக்க முடியும். எதிராளி எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியும். உள்ளே இருக்கும் உங்கள் டிரைவருக்கு அது தெரியாது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் வால்ஹேக்கும், தானாகவே குறிவைக்கும் ஏம்பாட்டும் ஒரு விளையாட்டை என்ன பாடுபடுத்தும் என்பது எனக்கும் தெரியும். முழுச் சாயங்காலமும் தோற்று, கண் கலங்கிக் கடையை விட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றுபவர்களை விரட்ட வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசமே கிடையாது.

ஆனால் அந்த வேலைக்கு விர்ச்சுவல் மெஷினே வேண்டாம். பிசிஐ ஸ்லாட்டில் செருகும் டிஎம்ஏ கார்டு ஒன்று போதும். அது நினைவகத்தைப் படித்து இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும். அந்த இன்னொரு கணினியில் உங்கள் மென்பொருளே இருக்காது. காசு கொடுத்து ஏமாற்றுபவர்கள் பலர் இன்று அந்த வழியில்தான் போகிறார்கள். அவர்களுடைய முதல் கணினி, நீங்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் சுத்தமான அசல் கணினியாகவே பதில் சொல்லும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த டிஎம்ஏ கார்டுகளைத் தடுக்க விளையாட்டு நிறுவனங்கள் நம்புவது, எந்தக் கார்டு நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவை. நான் என் கிராபிக்ஸ் கார்டுகளை ஆளுக்கொன்றாக மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதே ஐஓஎம்எம்யூவை வைத்துத்தான்.

ஹைப்பர்வைசர் இருப்பது மட்டுமே அடையாளம் என்றால் அதுவும் நிற்காது. விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை இயக்கினால், விண்டோஸே மைக்ரோசாப்டின் ஹைப்பர்வைசர் மேல்தான் ஓடுகிறது. அந்த பிட் அங்கேயும் உண்டு. அதேபோல ஜிஃபோர்ஸ் நவ் மாதிரி, இணையம் வழியாக விளையாட்டை ஓட்டித் தரும் சேவைகளில் பெரிய பெரிய ஆன்லைன் விளையாட்டுகள் டேட்டா சென்டரில் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுகின்றன. அங்கே விளையாடுபவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. அந்த மெஷினின் வெளிப்பக்கம் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் நம்புகிறீர்கள். நியாயம்தான். என் கடையின் வெளிப்பக்கம் யார் கையில் இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் பெயர், கடை முகவரி, லினக்ஸில் என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியல், எல்லாவற்றையும் முறையீட்டோடு அனுப்பினேன். வேண்டுமானால் உங்கள் ஆள் ஒருவர் தூரத்திலிருந்தே என் கணினிக்குள் வந்து பார்க்கலாம் என்றும் எழுதினேன். ஒன்பது நிமிடத்தில் அதை யாரும் படித்திருக்க முடியாது.

உங்களைப் போன்ற ஒரு பெரிய நிறுவனம் இதே விஷயத்தில் மனம் மாறியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவின் சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்தால், டிரைவர் அதைக் கண்டுபிடித்து 'கோட் 43' என்று சொல்லி நின்றுவிடும். பல வருடம் இப்படித்தான் இருந்தது. அதனால் கேவிஎம்மில் அந்தக் கார்டைப் பயன்படுத்தியவர்கள், விளையாடாதவர்கள் உட்பட, ஹைப்பர்வைசரை மறைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 2021இல் 465 வரிசை டிரைவரோடு அந்தத் தடையை என்விடியா எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கார்டுக்காக மறைக்க வேண்டிய தேவை போனது. நான் 2022இல் எதையும் மறைக்காமலே இந்தக் கணினியை அமைக்க முடிந்தது அதனால்தான். இப்போது உங்கள் விதி அந்தப் பழைய வித்தையை மறுபடி தேட வைக்கிறது.

தடுக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. வாலரன்ட் என்ற சுடும் விளையாட்டு வெளியான 2020இல், அதன் பொறியாளர்கள் 'ஃபாக் ஆஃப் வார்', அதாவது போர் மூடுபனி, என்ற முறையை விளக்கி எழுதினார்கள். மூடுபனி மலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கவே வேண்டாம். உன் கண்ணுக்கு எதிராளி தெரியப்போகும் நேரம் வரை, அவர் எங்கே நிற்கிறார் என்பதை சர்வர் உன் கணினிக்கு அனுப்பவே அனுப்பாது. கணினியில் இல்லாததை எந்த வால்ஹேக்காலும் படிக்க முடியாது. அசல் கணினியாக இருந்தாலும் சரி, விர்ச்சுவல் மெஷினாக இருந்தாலும் சரி. ஒருவர் குறிவைக்கும் வேகம், திரும்பும் கோணம், பார்க்காத ஆளை நோக்கி முன்கூட்டியே திரும்புவது, இதெல்லாம் உங்கள் சர்வரிலேயே பதிவாகிறது. எங்கள் ஐந்து பேரின் பதிவுகளும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றைப் பாருங்கள் என்றுதான் கேட்டேன். ஒரு பையன் வெண்கல நிலையை விட்டு ஒரு வருடமாக மேலே வரவே இல்லை. ஏமாற்று மென்பொருள் வைத்திருப்பவர் அப்படித் தோற்க மாட்டார்.

அந்த ஐந்து பேரில் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ப்ளஸ் டூ படிக்கிறாள். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கீழ்கோத்தகிரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறாள். பள்ளி விட்டதும் நாலேகால் மணிக்குக் கடைக்கு வருவாள், ஐந்தேமுக்கால் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அதற்கு மேல் யாரையும் உட்கார விடமாட்டேன். இருட்டிவிட்டால் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், ஊருக்குள்ளேயே கரடி வரும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரோடு சேர்ந்து ஐவர் அணியாக ஆடுவாள். மற்ற நாலு பேரும் பையன்கள். அணிக்கு அவள்தான் தலைமை. யார் எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து பேசவே மாட்டாள் என்று அவளுடைய டீச்சர் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை.

உங்கள் விளையாட்டில் நடந்த ஒரு ஆன்லைன் போட்டியின் இரண்டாம் சுற்றுக்கு அவர்கள் அணி தேர்வாகியிருந்தது. சுற்றுக்கு நாலு நாள் முன்னால் கணக்கு போனது. முடக்கியதோடு நீங்கள் நிறுத்தவில்லை. அவளோடு அந்த வாரம் ஆடிய எல்லோருக்கும், 'நீங்கள் சந்தித்த ஒரு ஏமாற்றுக்காரர் நீக்கப்பட்டார்' என்று அறிவிப்பு அனுப்பினீர்கள். அணியில் இருந்த நாலு பேருக்கும் போனது. அவர்களுடைய பள்ளிகளில் பரவியது, அங்கிருந்து இங்கே அவள் வகுப்புக்கு வந்தது. ஒரு வாரத்தில் அவளுடைய அம்மா கடைப் படி ஏறி வந்தார். வேலை விட்டு நேராக வந்திருந்தார், கையில் கொழுந்தின் கறைகூடப் போகவில்லை. "அண்ணே, எம்மக என்னத்தண்ணே திருடுனா?" என்று கேட்டார். ஹைப்பர்வைசர் என்றும் கர்னல் என்றும் அவரிடம் நான் எப்படிச் சொல்வது? "ஒண்ணும் திருடல, தப்பு என் கம்ப்யூட்டர்ல" என்றேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு கடைக்கு இரண்டு முறைதான் வந்தாள். இரண்டு முறையும் விண்ணப்பத்துக்காக.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். கணக்கோடு சேர்த்துக் கணினியையும் முடக்கியிருக்கிறீர்கள். ஆகஸ்ட்டில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், வாழ்க்கையில் முதல் முறையாக உங்கள் விளையாட்டில் கணக்கு தொடங்கி, அந்த மெஷினில் உட்கார்ந்தான். இருபது நிமிடத்தில் அவன் கணக்கும் போனது. அவனுக்குச் சுடுவதற்கு எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்றுகூடச் சரியாகத் தெரியாது. கடைகளில் ஒரு இருக்கையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் மாறி மாறி உட்காருவார்கள். ஒருவர் மேல் விழுந்த தண்டனை, அடுத்து உட்காருபவர் மேலும் விழுவதை எந்தக் கணக்கில் நியாயம் என்கிறீர்கள்?

விர்ச்சுவல் மெஷினை அனுமதிக்க முடியாது என்று முடிவெடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. ஈஸி ஆன்ட்டி சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள விளையாட்டை விர்ச்சுவல் மெஷினில் திறந்தால், விர்ச்சுவல் மெஷினில் ஓடாது என்று நேராகச் சொல்லி நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருந்தாலும் அது நேர்மையான பதில். கணக்கும் போகாது, பட்டமும் விழாது. நான் பிள்ளைகளிடம் இது இங்கே ஓடாது, வேறு ஏதாவது ஆடுங்கள் என்று சொல்லிவிடுவேன். உங்கள் விதிமுறைகளை ஜூலைக்குப் பிறகு இரண்டு முறை முழுதாகப் படித்தேன். விர்ச்சுவல் மெஷின் என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. எழுதாத விதியை மீறியதற்காக நிரந்தரத் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள்.

இனி நான் கேட்பவை.

முதலில் அந்த ஐந்து கணக்குகளையும், ஆகஸ்ட்டில் போன ஆறாவது கணக்கையும், ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆட்டப் பதிவுகளைப் பார்க்கட்டும். விர்ச்சுவல் மெஷினைத் தவிர வேறு ஆதாரம் இருந்தால் எந்த ஆட்டம், எந்த நிமிடம் என்று எங்களுக்குக் காட்டுங்கள், நான் இந்த மடலைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்கிறேன். வேறு ஆதாரம் இல்லை என்றால் கணக்குகளைத் திருப்பிக் கொடுங்கள். ஏமாற்றுக்காரர் நீக்கப்பட்டார் என்று யார் யாருக்கு அறிவிப்பு அனுப்பினீர்களோ, அவர்களுக்கெல்லாம் அது தவறு என்று இன்னொரு அறிவிப்பு அனுப்புங்கள். எனக்குக் கணக்கைவிட இந்த இரண்டாவது அறிவிப்புதான் முக்கியம்.

விர்ச்சுவல் மெஷினில் இருப்பதை மட்டும் வைத்து இனி யாருடைய கணக்கையும் முடக்காதீர்கள். அனுமதிக்க மாட்டீர்கள் என்றால், விளையாட்டு திறக்கும்போதே, பணம் கட்டும் பக்கம் வருவதற்கு முன்பே, காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். விதிமுறையில் அதை எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். எங்களிடம் தமிழில் விளம்பரம் செய்து விற்கிறீர்கள், விதியையும் தமிழில் சொல்ல முடியும். முன்பு ஓடிய ஒன்றை நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் அறிவித்துவிட்டு, அதற்குள் வாங்கிய பாஸுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

ரேங்க் ஆட்டங்களில் விர்ச்சுவல் மெஷின் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதை ஏற்றுக்கொள்கிறேன். ரேங்க் இல்லாத சாதாரண ஆட்டங்களிலாவது, மறைக்காமல் வரும் மெஷின்களை விடுங்கள். என்னைப் போன்ற கடைக்காரர்கள் பெயர், முகவரி கொடுத்துப் பதிவு செய்துகொள்ள ஒரு வழி வையுங்கள். என் கடையில் யாராவது ஏமாற்றினால் முதலில் என் பதிவை ரத்து செய்யுங்கள். கடைக் கணினி என்று தெரிந்த ஒன்றில் கணினித் தடை போடாதீர்கள்.

முறையீட்டுக்கு ஒன்பது நிமிடத்தில் பதில் வேண்டாம். ஒன்பது நாள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருவர் படிக்கட்டும்.

டிசம்பரில் அந்தப் போட்டியின் அடுத்த பருவத்துக்குப் பதிவு தொடங்குவதாக அறிவித்திருக்கிறீர்கள். அணியின் நாலு பிள்ளைகளும் ஐந்தாவது இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று போன வாரம் எனக்குப் போன் செய்து சொன்னார்கள். பதிவு முடிவதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரியில் கணினிக் கடை நடத்துபவன்